காசு விழாத அழைப்பு

அத்தியாயம் 17

மூன்று நாட்களாக அந்தப் போன் பின்னறையில் மட்டும்தான் அடிக்கிறது.

கூடத்தில் வைத்தால் அடிப்பதில்லை. அடுப்படியில் வைத்தால் அடிப்பதில்லை. ஸ்வாதி படிக்கிற பின்னறைக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தால், சாயந்தரம் ஆறு பத்துக்கு, சொல்லி வைத்தாற்போல் விளக்கேற்றுகிற நேரத்தில் அடிக்கிறது. எடுத்தால் எதிர்ப்பக்கம் பேச்சில்லை. பேச்சு இல்லாவிட்டால் போகிறது, ஒரு மூச்சுச் சத்தமாவது இருக்க வேண்டாமா? அதுவும் இல்லை. வற்றிய கிணற்றுக்குள் காதை வைத்தாற்போல ஒரு வெறுமை. பதினைந்து எண்ணுவதற்குள் அதுவும் அறுந்துவிடும்.

இருளாயியை உறுத்தியது வேறு. அந்த நேரத்தில் அந்தப் போன் அடிக்கவே கூடாது.

பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, தை மாதக் கடைசியில் கணவர் செல்வம் அதில் ஒரு சாப்ட்வேர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை பாட்டு வராது, கேம் வராது, மெசேஜ் வராது. வேண்டாத அழைப்புகளும் வராது. வீட்டில் அதற்குப் 'பூட்டு' என்று பெயர். பூட்டு போட்ட பிறகு மாலை நேரத்தில் வீடு மலைக்கோயில் மாதிரி அமைதியாகத்தான் இருந்தது. ஸ்டடி லீவ் விட்டார்கள், ஸ்வாதி போனோடு பின்னறைக்குக் குடிபோனாள், அன்றைக்கே ஆரம்பித்தது.

திங்கட்கிழமை ஸ்வாதி எடுத்தாள், வெறுமை. செவ்வாய்க்கிழமையும் அவளே எடுத்தாள். வந்த நம்பருக்குத் திருப்பி அடித்துப் பார்த்தபோது, "இந்த எண்ணுக்கு அழைப்பு செல்லாது" என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. அழைக்க முடியாத இடத்திலிருந்து ஓர் அழைப்பு. அன்று இரவு பெண் சாப்பிடவில்லை.

நேற்று இருளாயி எடுத்தாள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவர் யாரானாலும் கேட்டுப் பழகிய வாய், தானாகவே கேட்டுவிட்டது:

"யாரு சாமி? சாப்பிட்டியா?"

வெறுமை வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது. பிறகு அறுந்தது.

இன்று வியாழன். கம்பெனிக்குப் பவர் ஹாலிடே, மின்வெட்டு விடுமுறை. செல்வம் வீட்டில் இருந்தார்.

"திங்கக்கிழமை பிசிக்ஸ். இவ என்னடான்னா ரூமுக்குள்ளயே போமாட்டேங்கிறா. இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்று காப்பியைக் குடித்தபடி சொன்னார்.

வாசலில் பால் வாங்க வந்த வீட்டுக்கார அம்மாள் முனிலட்சுமியின் காதில் அது விழுந்துவிட்டது. ஜூஜூவாடியில் அந்த வீட்டின் மாடியில் அவளும், கீழே இவர்களும். தெருவைப் பார்த்த சுவரில் அவளுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கடை. கடை வாசலில் ஒரு ரூபாய் போன் பெட்டி.

"அந்த ரூமா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஒங்களுக்கு முன்னாடி பூவம்மான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு இருளாயி. புருஷன் தொலைவா வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலமானா அதே ஜன்னல்கிட்ட போன வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். வீடு முழுக்க இடம் இருக்கு, அங்கதான் ஒக்காரும். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிடுச்சு. குங்குமச் சிமிழ்கூட எடுத்துக்கல."

"ஏன்க்கா காலங்காத்தால?" என்றாள் இருளாயி. முதுகுத்தண்டில் ஈரத்துணி பட்டாற்போல இருந்தது.

"இருக்கிறதைத்தானம்மா சொல்றேன்."

---

பூட்டு போட்டுக் கொடுத்த திம்மப்பனின் செல்போன் கடை செக்போஸ்ட்டுக்குப் போகிற வழியில். அத்திப்பள்ளிக்காரர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும்.

போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏதோ ரகசிய எண் போட்டு, நேரத்தை மாற்றி, அப்போதைக்குப் பூட்டை விழவைத்தார். தன் கடை லேண்ட்லைனிலிருந்து அடித்துக் காட்டினார். போன் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

"நோடி சார், பாத்துக்குங்க. பூட்டு பக்காவா இருக்கு."

"எங்க வீட்ல அடிக்குதே" என்றார் செல்வம்.

"வீடு பூரா அடிக்குதா?"

"பின்னறைல மட்டும்."

திம்மப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "சார், ஒரு ரூம்ல மட்டும் அடிச்சா அது நம்ம சாப்ட்வேர் இல்ல. அதுக்கு வேற டிபார்ட்மெண்ட். எலுமிச்சம்பழம் கட்றவங்கள பாருங்க."

செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. குவாலிட்டி செக்‌ஷனில் இருபது வருஷமாக இருக்கிறவர். பழுது என்றால் காரணம் இருந்தே ஆக வேண்டும் அவருக்கு.

"பூட்டுக்கு என்ன கண்டிஷன் போட்டிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதான். ஜீரோல ஸ்டார்ட் ஆகிற நம்பர் எல்லாம் க்ளோஸ். ஒங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் மொபைல் இருக்கு, ஒன்பதுல ஸ்டார்ட் ஆகும், வரும். ஜீரோன்னா லேண்ட்லைன். லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு கேக்கிறவன். எடுத்தா பேசாம இருக்கிறவன். எல்லாம் க்ளோஸ்."

"எடுத்தா பேசாம இருக்கிறவனா?" என்றாள் இருளாயி.

"பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ வந்துச்சுல்ல" என்றார் செல்வம். "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. அதுக்குத்தான் அடைக்கச் சொன்னேன்."

திம்மப்பன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "கணக்கு பாருங்க, நம்பர் காட்டாது. பூட்டு போட்டதிலேருந்து நாப்பத்தியொரு போன்கால அடைச்சிருக்கு. எல்லாம் சாயங்காலம்தான்."

"பாத்தியா?" என்றார் செல்வம், மனைவியைப் பார்த்துப் பெருமையாக. "நாப்பத்தியொரு பேரு."

"ஒருத்தரே நாப்பத்தியொரு தடவ கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்கத்தான் நினைத்தாள் இருளாயி. கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, தூரத்தில் தெரிந்த சந்திரசூடேஸ்வரர் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு கதவை அடைக்கும்போது வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடைப்பதுதானே நம் வழக்கம்?

---

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செல்வம் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். இடம், நேரம், அடித்ததா இல்லையா. கம்பெனியில் ஒரு பாகம் பழுதானால், 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டுமாம். ஐந்தாவது ஏனுக்குக் கிடைக்கிற பதில்தான் உண்மையான காரணமாம். தாளின் அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு வைத்தார்.

"அப்பா, பேய்க்குக்கூட ஃபார்மட் போடுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ஸ்வாதி. முகத்தில் பயம் இருந்தாலும் வாய் குறையவில்லை.

"பேய்னாலும் ரெக்கார்டு வேணும்டி."

ரகசிய எண் இல்லாமல் வீட்டில் பூட்டை ஐந்து மணிக்குத்தான் சோதிக்க முடியும். அதனால் காத்திருந்தார்கள். சரியாக ஐந்து அடித்ததும் செல்வம் முனிலட்சுமியின் கடை வாசலுக்குப் போய் அந்த ஒரு ரூபாய் போனைக் கையில் எடுத்தார். போன் பெட்டியின் தலையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதில் நாலைந்து ஒற்றை ரூபாய்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் சில்லறை இல்லாமல் நின்றால் எடுத்துக்கொள்ளலாம். 'அதுங்களுக்கும் ஊர்ல அம்மா இருப்பா இல்ல, பேசட்டுமே' என்பாள் முனிலட்சுமி. யார் எடுத்தார்கள், யார் திருப்பிப் போட்டார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை. டம்ளர் காலியானதும் இல்லை.

இருளாயி நடையில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொன்னாள்.

"கூடம்?"

"அடிக்கலைங்க."

"அடுப்படி?"

"இல்ல."

"பின்னறை?"

ஸ்வாதி அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். ஜன்னலருகே போனை நீட்டியபடி நின்றாள். ஐந்து நொடி, பத்து நொடி.

போன் அடித்தது.

"ஹலோ?" என்றாள் ஸ்வாதி. "ஹலோ... ஹலோ!" அப்புறம் ஒரே ஓட்டமாக நடைக்கு வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அதேதாம்மா! அதே மாதிரி, ஒண்ணுமே இல்லாம!"

வாசலிலிருந்து செல்வம் வந்தார். "ஏன்டி கத்துற? நான்தான பேசுறேன்?"

"நீங்க எங்கப்பா பேசினீங்க?"

"ஸ்வாதி, ஸ்வாதின்னு தொண்டை வறளக் கத்துறேன். நீ ஹலோ ஹலோங்கிறது எனக்கு நல்லாக் கேக்குதே. பயந்து மூச்சு வாங்கினதுகூடக் கேட்டுச்சு."

முனிலட்சுமி கடைக்குள்ளிருந்து சிரித்தாள். "அண்ணா, காசு போட்டீங்களா?"

"அடிக்குதான்னு பாக்கத்தானே? எதுக்குக் காசு?"

"காசு போடாட்டி நீங்க பேசுறது அங்க கேக்காதுண்ணா. அவங்க பேசுறது மட்டும் ஒங்களுக்குக் கேக்கும். கொஞ்ச நேரத்துல அதுவே கட் ஆயிடும். டப்பா போனு அப்படித்தான்."



மூச்சுகூட இல்லாத அந்த வெறுமை எது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தபின் பயம் போக வேண்டும் அல்லவா? இருளாயிக்குக் கூடிற்று. மூன்று நாளும் அந்தப் பக்கம் ஆள் இருந்திருக்கிறது. காசைப் போடாமல், இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

ஸ்வாதிதான் மற்றதைக் கண்டுபிடித்தாள். "அப்பா, இங்க பாருங்க. ஜன்னல்கிட்ட வந்தா மேல 'கர்நாடகா'ன்னு மாறுது. அத்திப்பள்ளி டவரு. அங்க நம்ம நம்பர் எல்லாம் ஜீரோவுல வர்றதில்ல, முன்னாடி ப்ளஸ் தொண்ணூத்தியொண்ணு போட்டு வருது."

"ஜீரோவ மட்டும்தான் பூட்டியிருக்கு" என்றார் செல்வம் மெதுவாக. "ப்ளஸ்ஸுக்குப் பூட்டு இல்ல."

பூவம்மாள் ஏன் அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தாள் என்பதும் இருளாயிக்கு விளங்கியது. புருஷன் பேசுகிற போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைத்திருக்கும். பாவம்.

செல்வம் நாலாவது ஏன் வரைக்கும் கிறுகிறுவென்று எழுதிவிட்டார். ஏன் பின்னறையில் மட்டும் அடிக்கிறது, ஏன் பூட்டு பிடிக்கவில்லை, ஏன் நம்பர் மாறுகிறது, ஏன் சத்தம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

ஐந்தாவது: ஏன் காசு போடவில்லை?



"இது என்ன ஊரு நம்பரும்மா?" ஸ்வாதி பழைய அழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு மூணு நாலு ஏழு... தேன்கனிக்கோட்டைப் பக்கம். தளி, ஜவளகிரி. அங்க நமக்கு யாரு இருக்கா?"

இருளாயி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார்.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆடி மாதம், பாலிடெக்னிக்கில் ஆறு பேப்பர் நிற்கிறது என்பதை ஒளித்துவைத்த மகன் அஸ்வினை, தெருவே பார்க்கக் கைநீட்டி அடித்தார் செல்வம். 'இனிமே உன் குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாது' என்றார். அன்று போனவன்தான். பெங்களூரில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் இருளாயி.

"ஏங்க, உன் குரல் கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"அதுக்கு?"

"சொன்ன சொல்ல மீறாம ஒருத்தன் கூப்பிட்டா எப்படிக் கூப்பிடுவான்?"

செல்வம் தாளை மடித்தார். "எவனோ வேலையத்தவன். அவன் எங்க பெங்களூர்ல, இது எங்க காடு."

"திம்மப்பன்கிட்ட போய் பூட்ட எடுத்திட்டு வந்துருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"பரீட்சை முடியட்டும்." போனை வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் டிவி மேல் வைத்தார். அடிக்காத இடம் எது என்று தெரிந்துதான் வைத்தார்.

---

ஆறு மணிக்கு இருளாயி விளக்கேற்றினாள்.

ஆறு பத்து ஆயிற்று. போன் டிவி மேல் சும்மா கிடந்தது. முன்பென்றால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருப்பாள். இப்போது அந்த அமைதிக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. நாற்பத்தியொன்று. இன்றைக்கு நாற்பத்திரண்டோ? ஸ்தோத்திரம் பாதியில் மறந்துபோயிற்று. சுடரைப் பார்த்தபடி வெறுமனே நின்றாள்.

செல்வம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரமாகப் பக்கம் புரளவில்லை.

திடீரென்று கரண்ட் போயிற்று.

ஜூஜூவாடி முழுக்க ஒரு நொடியில் இருண்டது. எங்கோ ஒரு கம்பெனி ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. கூடத்தில் விளக்குச் சுடர் மட்டும். அந்த வெளிச்சத்தில் டிவி மேலிருந்த போன் தானாக விழித்துக்கொண்டது, சின்ன நீலத்திரை. யாரும் தொடவில்லை.

"அம்மா," என்று ஸ்வாதி கிசுகிசுத்தாள், "நம்ம டவருக்கும் கரண்ட் போயிடுச்சு போல. கர்நாடகா வருது."

இங்கே, கூடத்திலேயே.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

இருளாயி திரும்பினாள். அதற்குள் செல்வத்தின் கை நீண்டிருந்தது. பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தார்.

"ஹலோ" என்றார்.

பதில் இல்லை. அந்த வெறுமை. பக்கத்தில் நின்ற இருளாயிக்கே அது தெரிந்தது.

ஸ்வாதி உதட்டுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். நாலு, ஐந்து, ஆறு...

சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

ஒன்பது, பத்து...

"காசப் போடுடா" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "அஸ்வினு... காசப் போடுய்யா. உன் குரலக் கேக்கணும்டா எனக்கு."

டக்.

உலோகத்தில் உலோகம் விழுகிற சத்தம். உடனே அந்த வெறுமை திறந்துகொண்டது. காற்று, தூரத்தில் மாட்டு மணி, ஒரு பஸ்ஸின் ஹாரன். பிறகு குரல்.

அது அஸ்வினின் குரல் இல்லை.

"அஸ்வினு அப்பாங்களா? காசு தேடறதுக்குள்ள நீங்களே பேசிட்டீங்க. நானு ஜவளகிரிங்க, மாதம்மா. டீக்கடை வச்சினு இருக்கறேன். இந்தப் பெட்டி நம்ம கடையிதுதான்."

செல்வம் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். மூவரும் தலையை ஒட்டவைத்துக் கேட்டார்கள்.

"தெனமும் ஆறு மணிக்கு மேல வந்து நிப்பானுங்க. நம்பர அமுக்குவான், காசக் கையிலயே வச்சினு இருப்பான், போட மாட்டான். தொடர்ந்து ஒரு மாசமா எடுக்கவே இல்ல. அப்பவும் வருவான். ஏன்டா காசு போடலன்னு கேட்டா, 'அப்பா பேசக் கூடாதுன்னாரு, கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே'ன்னுவான்."

செல்வம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நேத்து ஒடம்பு அனலாக் கொதிக்குது, சிரிச்சினே திரும்பறான். என்னடான்னா, 'அம்மா சாப்பிட்டியான்னு கேட்டுச்சு'ன்றான். யாருன்னே தெரியாமக் கேட்டுச்சாமே. இன்னிக்கு ஆளக் காணோங்க. பை மட்டும் கடையில கெடக்குது. காட்டோரம் தோட்டத்துல ஒண்டியா இருக்கறான், யானை வேற எறங்கியிருக்குது. மனசு கேக்கல. கடைசியா அடிச்ச நம்பர அமுக்கினேன். எங்க வூட்டுக்காரர வெளக்கு குடுத்து அனுப்பியிருக்கறேன். அவரு வந்ததும் மறுபடி அடிக்கறே—"

அறுந்தது. ஒரு ரூபாய் முடிந்துவிட்டது.

செல்வம் சட்டையை எடுத்து மாட்டினார்; பொத்தான் மாற்றிப் போட்டார்.

"நான் போறேன். தளி வழியாப் போனா ஒன்றரை மணி நேரம்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். பல்ப் எரிந்தது, ஃபேன் சுற்றியது. எல்லா வீட்டிலும் சந்தோஷம்.

இருளாயி மட்டும் போனைப் பார்த்தாள். திரையில் 'கர்நாடகா' போய்விட்டிருந்தது.

"ஏங்க! பூட்டு விழுந்துருச்சு! அந்தம்மா திரும்ப அடிச்சா வராதே!"

ஸ்வாதி பட்டன்களை அமுக்கிப் பார்த்தாள். ஒன்பது மணிவரைக்கும் செட்டிங்ஸுக்குள்ளேயே விடாது. எண் தெரிந்தவர் திம்மப்பன் ஒருவர்தான், அதையும் போனில் சொல்ல மாட்டார். செல்வத்தின் போன் சிம் கார்டே போட முடியாத சிடிஎம்ஏ வகை, அதில் மாற்றிப் போடவும் வழியில்லை.

செல்வம் வண்டிச் சாவியை எடுத்தார். தான் கேட்டு வாங்கிப் போட்ட பூட்டு.

"திம்மப்பன் கடை வழியாத்தான் போறேன், சொல்லிட்டுப் போறேன், அவரு வரட்டும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன். நீங்க கிளம்புங்க."

வாசலில் முனிலட்சுமி நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. எவர்சில்வர் டம்ளரை அப்படியே அவருடைய சட்டைப் பையில் கவிழ்த்தாள். "காட்டுக்குள்ள ஒங்க செல்லு எடுக்காதுண்ணா. எந்தப் பெட்டி கண்டாலும் அடிங்க. காசு மறக்காம போடுங்க."

வண்டிச் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

இருளாயி பின்னறைக் கதவைத் தள்ளினாள். மூன்று நாளாக எட்டிப் பார்க்கவே கூசிய அறை. நேரே ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அத்திப்பள்ளி விளக்குகளைப் பார்க்கப் போனைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் அந்த எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. சாமி கண் திறந்தாற்போல இருந்தது.

ஸ்வாதி பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "கை வலிச்சா சொல்லும்மா, நான் பிடிக்கிறேன்."

கை வலித்தது. சொல்லவில்லை.

ஏழு மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும். போன் அடித்தது. முன்னால் அந்தக் கூட்டல் குறி. அதே நாலு மூணு நாலு ஏழு.

"மாதம்மா, சொல்லுங்கம்மா! புள்ள கிடைச்சானா?"

வெறுமை.

இருளாயி காத்திருந்தாள். மூன்று. நான்கு. காசு விழவில்லை. மாதம்மாள் என்றால் இந்நேரம் போட்டிருப்பாள். அவள் செய்தி சொல்லத் துடிக்கிறவள். ஐந்து. ஆறு.

சட்டென்று அவளுக்குப் புரிந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நிற்கிறவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். மூன்று நாளாக அவளை நடுங்கவைத்த அதே வெறுமை, இப்போது எந்தக் குரலையும்விடத் தெளிவாகப் பேசியது. உயிரோடு இருக்கிறான். காய்ச்சலோடு நடந்து வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"சாப்பிட்டியா ராசா?" என்றாள். கண்ணீர் வாய்க்குள் உப்பாக இறங்கியது. "உடம்பு எப்படிய்யா இருக்கு? அங்கயே இரு. எங்கயும் போகாத. அப்பா வந்துக்கிட்டு இருக்காரு."

பதினாலு. பதினைந்து.

அறுந்தது.

ஸ்வாதி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி அம்மாவையே பார்த்தாள். "அம்மா... அப்பா கூப்பிட்டு அழுதது அவனுக்குத் தெரியாதே. அப்ப காதுல கேட்டது மாதம்மாவுக்குத்தானே? அந்தம்மா இப்பப் பக்கத்துல இருந்திருந்தா பேசியிருக்குமே, இன்னும் அவன்கிட்ட சொல்லியிருக்காது."

இருளாயியின் கை ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றது.

ஆடி மாதம் தெருவில் விழுந்த அடி மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அந்த அப்பா வருகிறார் என்றுதான் அவள் இப்போது சொல்லியிருக்கிறாள்.